வாசகர் கேள்வி–பதில்: இராமநாதபுரம் கரையில் கோண்டுவானா எங்கே இருக்கிறது?

கோண்டுவானா முதலிய பண்டைய பெருங்கண்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்துவிட்டு இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம். பெரும்பாலான கடிதங்களில் பல கோடி ஆண்டுக் கதையும் சில ஆயிரம் ஆண்டுக் கதையும் ஒன்றோடொன்று கலந்திருந்தன. ஆகவே எது எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்வதையே முதல் வேலையாகக் கொண்டோம்.

கேள்வி: தொடக்கத்தில் பாஞ்சியா என்ற ஒரே நிலப்பரப்பு இருந்தது, அது உடைந்துதான் இன்றைய கண்டங்கள் உண்டாயின என்று வகுப்பில் சொல்லித்தருகிறேன். அதற்கு முன்பு என்ன இருந்தது என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டான். என்ன சொல்வது?
— பள்ளி ஆசிரியை, மண்டபம்

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவன் கேட்டிருக்கிறான். பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். பாஞ்சியா ஒன்றுசேர்ந்தது சுமார் 33.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. உடையத் தொடங்கியது சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. எனவே அதைத் தொடக்கம் என்று சொல்வது பொருந்தாது. பெருங்கண்டங்களின் வரிசையில் அது கடைசியாக வந்தது.

அதற்கு முன்பு ரொடீனியா என்ற பெருங்கண்டம் ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருவாகி, 75 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சிதறத் தொடங்கியது. அதற்கும் முந்தியது, 180 கோடி ஆண்டுகளுக்கு முன்பு திரண்ட கொலம்பியா. இதை நூனா என்றும் அழைப்பர். இந்தக் கொலம்பியாவில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஜான் ரோஜர்ஸ், இந்தியாவைச் சேர்ந்த எம். சந்தோஷ் ஆகிய இருவரும் 2002ஆம் ஆண்டு இந்தப் பெயரை முன்வைத்தபோது, இந்தியாவின் கிழக்குப் பகுதிப் பாறைகளையும் வட அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள கொலம்பியா வட்டாரத்துப் பாறைகளையும் இணைத்துப் பார்த்தே தங்கள் வாதத்தைக் கட்டினார்கள்.

பாடநூல் வரைபடத்தைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு மயக்கமும் வரும். பாஞ்சியா இரண்டாக உடைந்து லாரேசியா, கோண்டுவானா ஆகியவை தோன்றின என்று படிக்கும்போது, கோண்டுவானா அந்த உடைவில்தான் பிறந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கோண்டுவானா பாஞ்சியாவைவிட மூத்தது. இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, மடகாஸ்கர், இலங்கை ஆகியவற்றின் பழைய நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதி, 55 முதல் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது ஒரே நிலமாக இறுகிவிட்டது. பின்னாளில் வடக்கே இருந்த நிலங்களுடன் சேர்ந்து பாஞ்சியாவின் தென்பாதியாக இருந்து, பிறகு மீண்டும் தனியே பிரிந்தது. இதை ஒரு கோடு போட்டுக் கரும்பலகையில் காட்டிவிட்டால் மாணவர்கள் குழம்ப மாட்டார்கள்.

கேள்வி: கண்டங்கள் ஏன் ஒன்றுசேர வேண்டும்? சேர்ந்த பிறகு ஏன் உடைய வேண்டும்? இவற்றைத் தள்ளுவது எது?
— கல்லூரி மாணவர், பரமக்குடி

1912ஆம் ஆண்டு கண்ட நகர்வுக் கொள்கையை அறிவித்த ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரட் வேகனரால் விடை சொல்ல முடியாமல் போன கேள்வி இதுதான். கண்டங்கள் நகர்ந்தன என்பதற்கு அவர் காட்டிய சான்றுகள் வலுவானவை. நகர்த்தும் விசை எது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. அதனால் 1930இல் கிரீன்லாந்துப் பனிவெளியில் அவர் இறந்து ஒரு தலைமுறை கடந்தபின்பும் புவியியலாளர் பலர் அவரை ஏற்கவில்லை. கடலடித் தரை விரிகிறது என்று 1962இல் ஹாரி ஹெஸ் எழுதினார். அடுத்த ஆண்டு வைன், மேத்யூஸ் இருவரும் அதற்கான காந்தச் சான்றை விளக்கினார்கள். அதன் பிறகே நிலைமை மாறியது.

பூமியின் மேலோடு பல பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அவற்றை நகர்த்தும் விசை பெரும்பாலும் கடலடியிலிருந்து வருகிறது. நடுக்கடல் முகடுகளில் உருகிய பாறை மேலேறிப் புதிய கடல்தரை உண்டாகிறது. முகட்டை விட்டு விலகி வயதாக ஆக அது குளிர்ந்து அடர்த்தி கூடி, இறுதியில் வேறொரு தட்டின் விளிம்பில் கீழ்நோக்கிச் சரிந்து, மேலோட்டுக்கு அடியில் உள்ள கவசம் என்ற பாறை அடுக்குக்குள் அமிழ்கிறது. அமிழும் பகுதி தன் எடையால் பின்னால் உள்ள தட்டு முழுவதையும் இழுக்கிறது. கண்டத்துப் பாறை எடை குறைந்தது என்பதால் அப்படி அமிழ்வதில்லை. இரண்டு கண்டங்களுக்கு இடைப்பட்ட கடல்தரை முழுவதும் விழுங்கப்பட்டுவிட்டால், அவை நேருக்கு நேர் மோதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. பெருங்கண்டம் என்பது இத்தகைய பல மோதல்களின் கூட்டு விளைவு.

உடைவதற்கான காரணமும் சேர்வதிலேயே தொடங்கிவிடுகிறது. நடுவில் இருந்த கடல்கள் மறைந்த பின்பு, தட்டுகள் அமிழும் இடங்கள் பெருங்கண்டத்தின் வெளிவிளிம்புகளுக்கு மாறி, அங்கிருந்து நிலத்தை வெளிப்புறமாக இழுக்கின்றன. அடியிலோ, உலைப்பானையைத் தட்டுப் போட்டு மூடியதுபோல், பரந்த தடித்த நிலம் வெப்பத்தை வெளியேறவிடாமல் வைத்திருக்கிறது. ஆழத்திலிருந்து சூடான பாறைத்தம்பங்கள் எழுந்து, நிலம் மெலிந்த இடங்களில் எரிமலைக் குழம்பாகப் பீறிடுகின்றன. ஆகவே உடைவு நிகழ்ந்த இடங்களுக்கு அருகில் பெரும்பாலும், எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் பாறைவெளிகள் பரந்து கிடப்பதைக் காண்கிறோம். அட்லாண்டிக் கடல் திறக்கத் தொடங்கிய காலத்தவை 20.1 கோடி ஆண்டு வயதுடையவை. தென்னாப்பிரிக்காவிலும் அண்டார்டிகாவிலும் உள்ளவை 18.3 கோடி ஆண்டு. மடகாஸ்கரில் உள்ளவற்றுக்கு ஏறத்தாழ 9 கோடி ஆண்டு ஆகிறது. நம் தக்காணத்துப் பசால்ட்டின் வயது 6.6 கோடி ஆண்டு.

வெப்பத்தம்பம்தான் நிலத்தைப் பிளந்ததா, விளிம்பு இழுவையால் பிளந்த நிலத்தின் வழியே வெப்பத்தம்பம் வெளிப்பட்டதா என்பதில் அறிஞர்களிடையே விவாதம் தொடர்கிறது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன என்ற கருத்தே எங்களுக்கு நிறைவளிக்கிறது. ஏனெனில், எரிமலைப் பெருக்கு நிகழ்ந்தும் பிளவுபடாத நிலங்கள் உண்டு. எரிமலைப் பெருக்கு அதிகமின்றியே பிளந்த கரைகளும் உண்டு.

கேள்வி: இலங்கை நம்மை விட்டுப் பிரிந்தது கோண்டுவானா உடைந்தபோதுதானா? தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள மணல்திட்டுகள் அந்தப் பழைய இணைப்பின் மிச்சம் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள்.
— மீனவர் குடும்பத்து வாசகர், பாம்பன்

இதில் இரண்டு தனித்தனிக் கதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே உள்ளதை முதலில் பார்ப்போம்.

நீங்கள் வடகடல் என்று சொல்லும் பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது என்பது வலை இழுப்பவர்களுக்குத் தெரிந்ததே. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடைசிப் பனியூழி உச்சத்தில் இருந்தபோது, உலகின் நீரில் ஒரு பகுதி நிலத்தின்மேல் பெரும்பனிப் பாளங்களாக உறைந்துகிடந்ததால் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது வடகடல் முழுவதும் காய்ந்த நிலம். மண்டபத்திலிருந்து மன்னாருக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகிக் கடல் ஏறி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய மட்டத்தை ஒட்டி வந்தது. ஆகவே இலங்கையைத் தீவாக்கியது கடலேற்றம். கண்டப் பிளவு அன்று. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள திட்டுகள், அலையும் நீரோட்டமும் கொண்டுவந்து சேர்த்த மணலும் பவளமும் சுண்ணாம்புப்பாறையும் சேர்ந்த அண்மைக்காலப் படிவுகள். இராமேசுவரம் தீவின் வடகரையில் தண்ணீர்மட்டத்துக்கு மேலே நின்றுவிட்ட பழைய பவளப்பாறைகளின் வயதும் ஆயிரக்கணக்கில்தான் வருகிறது. இவையெல்லாம் கோண்டுவானாவோடு ஒப்பிட்டால் நேற்று வந்தவை. சேதுவின் புராணப் பெருமை வேறு. அதைப் பற்றிப் பேசுவது இந்தப் பக்கத்தின் வேலையன்று.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இராமேசுவரமும் தலைமன்னாரும் ஒரே தட்டின்மேல் இருக்கின்றன. தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. 1964ஆம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி ஏறத்தாழ 3 மீட்டர் இடம்பெயர்ந்திருக்கிறது. தலைமன்னாரும் உடன் நகர்ந்திருப்பதால் இடைவெளி கூடவில்லை.

இனி அடியில் இருக்கும் கதை. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்டிகாவை விட்டு விலகியபோது, இழுபட்ட நிலம் நேரான ஒரே வெட்டாகப் பிளக்கவில்லை. கரையோரமாகத் தென்மேற்கு–வடகிழக்குத் திசையில் நீண்ட பள்ளங்களும் அவற்றுக்கிடையே மேடுகளுமாகப் பல இடங்களில் கீறல் விழுந்தது. புதுச்சேரியிலிருந்து மன்னார் வளைகுடா வரை பரந்துள்ள காவிரிப் படுகை என்பது இந்தப் பள்ளங்களின் தொகுப்பே. அதில் ஒரு பள்ளம் இராமநாதபுரத்தின் அடியிலும் பாக் விரிகுடாவின் அடியிலும் செல்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடலாக விரியத் தொடங்கிய அந்தக் கீறல் பாதியில் நின்றுபோயிற்று. பிளவு கிழக்கே நகர்ந்து, இலங்கைக்கு அப்பால் அண்டார்டிகாவைப் பிரித்தெடுத்துக்கொண்டு போய்விட்டது. நின்றுபோன கீறலை ஆறுகளும் கடலும் சில ஆயிரம் மீட்டர் கனத்துக்கு வண்டலால் நிரப்பிவிட்டன. வடகடல் இவ்வளவு ஆழமற்றுக் கிடப்பதும், தென்கடலான மன்னார் வளைகுடா கரையைவிட்டு விலகியதும் ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறங்குவதும், அடியில் உள்ள நிலம் இரண்டு இடத்திலும் ஒரே அளவு இழுபடவில்லை என்பதோடு தொடர்புடையவை.

கேள்வி: எங்கள் பகுதியில் எரிவாயுக் கிணறுகள் இருக்கின்றன. வழுதூரில் அந்த வாயுவில் மின்சாரம் எடுக்கிறார்கள். தஞ்சைப் பக்கம் கிடைப்பது சரி, இந்த வறண்ட சீமையில் எப்படி?
— வாசகர், வழுதூர் அருகில்

மேலே உள்ள மண்ணின் வளத்துக்கும் கீழே உள்ள வாயுவுக்கும் தொடர்பில்லை. தஞ்சாவூரும் நாகப்பட்டினமும் இராமநாதபுரமும் பூமிக்கடியில் ஒரே காவிரிப் படுகையின் வெவ்வேறு பள்ளங்கள். பிளவுப் பள்ளத்தில் தேங்கிய நீரில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் எச்சம் சேற்றோடு சேர்ந்து புதைந்தது. மேலே வண்டல் ஏற ஏற அது ஆழத்தின் வெப்பத்தில் வெந்து எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறியது. பிறகு நுண்துளை நிறைந்த மணற்கல் அடுக்குகளுக்குள் ஏறி, மேலே களிப்பாறை மூடியிருந்த இடங்களில் தங்கிவிட்டது. உங்கள் பகுதியில் அந்த மணற்கற்கள் கிரெட்டேசியஸ் காலத்தவை. அதாவது இந்தியா கோண்டுவானாவை விட்டுத் தனியாகப் பயணம் செய்துகொண்டிருந்த காலத்தவை.

இந்தப் பள்ளத்தின் அடிப்படிவைக் கண்ணால் பார்க்கக் கிணறு தோண்ட வேண்டியதில்லை. படுகையின் மேற்கு விளிம்பு சிவகங்கைக்கு அருகில் தரைக்கு வந்துவிடுகிறது. 1985 வரை அதுவும் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே கூழாங்கற்களும் மணற்கல்லும் களிப்பாறையும் கலந்த அடுக்குகளில், பிளவின் தொடக்க காலத்தில் கரையோரம் வளர்ந்த செடிகளின் இலைப்பதிவுகள் கிடைத்திருக்கின்றன. பறவையின் இறகைப்போல் இருபுறமும் வரிசையாகச் சிற்றிலைகள் கொண்ட அந்தச் செடி வகை இன்று உலகில் எங்கும் இல்லை.

கேள்வி: இவ்வளவு பழைய கதைக்குக் கையால் தொட்டுப் பார்க்கும்படி ஏதேனும் சான்று நம் கடற்கரையில் உண்டா?
— கல்லூரி மாணவி, சாயல்குடி

உண்டு. தெற்கே தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கரைகளில் அது மிகுதி. உங்கள் பக்கத்தில் குறைவு. அலை பின்வாங்கிய பிறகு ஈர மணலின்மேல் கருஞ்சிவப்பான மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து கிடக்கும். ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத்தாளில் பரப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வெள்ளைக் குவார்ட்சுக்கு இடையே மாதுளை முத்தின் நிறத்தில், ஒளி ஊடுருவும் மணிகள் தெரியும், அவை கார்னெட். வலுவான காந்தத்தை அருகே கொண்டுசென்றால் நகரும் கறுப்பு மணிகளில் இல்மனைட் இருக்கும். நிறமற்று மினுங்கும் மிகச்சிறு மணிகளில் சில சிர்கானாக இருக்கலாம்.

இந்தக் கார்னெட் கடலில் பிறந்தது அன்று. மதுரை, தேனி, திண்டுக்கல் பகுதி மலைகளின் பாறைகளிலிருந்து அரித்து, வைகை போன்ற ஆறுகள் கொண்டுவந்து சேர்த்தது. அந்தப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கோண்டுவானா ஒன்றுசேர்ந்த மோதலில், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் 900 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியவை. மேலே இருந்த மலைத்தொடர் தேய்ந்து மறைந்து, அதன் வேர்தான் இப்போது வெளியே தெரிகிறது. இதே வயதும் இதே தன்மையும் கொண்ட பாறைகள் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் கிழக்கு அண்டார்டிகாவிலும் இருக்கின்றன. வயதைச் சொல்வது சிர்கான்: அது படிகமாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்கிறது, ஈயத்தை ஏற்பதில்லை. எனவே இன்று அதனுள் இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து உண்டானதே. யுரேனியம் 238இன் அரை ஆயுள் 447 கோடி ஆண்டு என்பது ஆய்வகத்தில் அளந்து அறியப்பட்டதால், இரண்டின் விகிதத்திலிருந்து வயதைக் கணக்கிட்டுவிடலாம்.

அண்டை மாவட்டத்தில் இன்னொரு சான்று தினமும் எரிகிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு ஒடிசாவின் தால்ச்சேர் போன்ற சுரங்கங்களிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரி, குளோசோப்டெரிஸ் என்ற மரவகை செழித்த கோண்டுவானாச் சதுப்புகளின் எச்சம். அதன் புதைபடிவம் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா ஆகியவற்றில் மட்டுமன்றி, 1912இல் உயிரிழந்த கேப்டன் ஸ்காட் குழுவினர் கடைசிவரை சுமந்துசென்ற அண்டார்டிகப் பாறைகளிலும் இருந்தது. தால்ச்சேர் நிலக்கரிக்கு அடியிலேயே பனியாறு உருட்டிக் கீறல் போட்ட பாறாங்கற்கள் கிடக்கின்றன. அந்தக் காலத்தில் இந்தியா தென்துருவத்துக்கு அருகில் இருந்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை இதனோடு சேர்த்துவிடாதீர்கள். அது மிகப் பிந்தியது.

கேள்வி: நம் கரையோரத்தில் ஆங்காங்கே நிற்கும் பொந்தன்புளி மரம் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இருக்கிறதாம். இது கோண்டுவானாச் சான்றுதானே?
— வாசகி, தேவிபட்டினம்

அன்று. நம்மிடம் உள்ளது ஆப்பிரிக்க இனமே. கோடிக்கணக்கான ஆண்டுகள் பிரிந்திருந்தால் அது வேறு இனமாக மாறியிருக்கும். மரபணு ஆய்வுகளும் அது ஆப்பிரிக்காவிலிருந்து மனிதரால் கொண்டுவரப்பட்டதையே காட்டுகின்றன. அரபு வணிகர்களோடு அதைச் சேர்த்துப் பேசும் வழக்கு நம் கரையிலும் மன்னாரிலும் உண்டு.

உண்மையான கோண்டுவானா உறவினர் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறார். 2003இல் விவரிக்கப்பட்ட ஊதாத் தவளை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் இனப்பெருக்கத்துக்காக மட்டும் வெளியே வரும். அதன் நெருங்கிய சொந்தம் செஷல்ஸ் தீவுகளில் வாழும் சிறு தவளைகள். உப்புநீரைத் தாங்காத தவளை கடலைக் கடந்து போயிருக்க முடியாது. செஷல்சும் இந்தியாவும் ஒட்டியிருந்த காலத்து உறவு அது.

கேள்வி: லெமூரியா, குமரிக்கண்டம் ஆகியவை கோண்டுவானாவின் பகுதிகள் என்று சொல்லலாமா?
— தமிழ் ஆர்வலர், கீழக்கரை

சொல்லக் கூடாது. லெமூரியா என்பது 1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் வைத்த ஊகம். லெமூர் என்ற, குரங்கை ஒத்த விலங்கின் உறவுகள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படுவதை விளக்க, நடுவே ஒரு நிலம் இருந்து மூழ்கியது என்று அவர் நினைத்தார். நிலங்கள் நகரும் என்பது தெரியாத காலத்தில் அது நியாயமான ஊகமே. ஆனால் கண்டங்கள் அப்படி மூழ்குவதில்லை. இந்தியப் பெருங்கடலின் தரையை அளந்தபோது அங்கே இருப்பது பெரும்பாலும் கடலடிப் பசால்ட் என்பது தெளிவாயிற்று. மொரீசியசுத் தீவின் கடற்கரை மணலில் மிகப் பழைய சிர்கான்கள் கிடைத்ததை 2013இல் ஆய்வாளர்கள் அறிவித்தபோது, லெமூரியா கிடைத்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள். அது இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது இடையில் சிக்கி எரிமலைக் குழம்பால் மூடப்பட்ட ஒரு நிலத்துணுக்கு. அது பிரிந்த காலத்தில் மனிதர் இல்லை.

நம் இலக்கியங்கள் பேசும் கடல்கோள் வேறு. பனியூழிக்குப் பிந்திய கடலேற்றத்தில் குமரிமுனையைச் சுற்றியும் மன்னார் வளைகுடாவிலும் ஆழம் குறைந்த கரைநிலங்கள் மூழ்கியது உறுதியான செய்தி. ஆழிப்பேரலைகளும் நம் கரைக்குப் புதியவையல்ல. மக்களின் நினைவில் நின்ற கடல்கோளை அந்தக் கால அளவில் தேடுவதே முறை. கோண்டுவானாவோடு கட்டினால் தமிழின் தொன்மை கூடிவிடாது; வாதம்தான் பலவீனப்படும்.

கேள்வி: அடுத்த பெருங்கண்டம் எப்போது? அப்போது நம் ஊர் எங்கே இருக்கும்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவர், தொண்டி

20 முதல் 25 கோடி ஆண்டுகளுக்குள் என்று கணக்கிடுகிறார்கள். அட்லாண்டிக் கடல் மூடிக்கொள்ளும் என்பது ஒரு கணிப்பு. அமெரிக்காவும் ஆசியாவும் வடதுருவத்தின் அருகே சேரும் என்பது இன்னொன்று. அதற்கு அமாசியா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இந்தியாவைப் பொறுத்தவரை அது ஏற்கெனவே சேர்ந்துவிட்ட நிலம். ஒரு காலத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல் விரைந்துவந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவில் முட்டி, இடையே இருந்த டெத்திஸ் என்ற பழங்கடலின் தரையை இமயமாக உயர்த்திவிட்டு, இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறது. எவரெஸ்டின் உச்சியில் இருப்பது கடல்வாழ் உயிர்களின் எச்சம் கொண்ட சுண்ணாம்புக்கல். எந்தக் கணிப்பை எடுத்தாலும் தொண்டி ஆசியாவோடுதான் போகும்; ஆனால் அதற்குள் கடல்மட்டம் எத்தனையோ முறை ஏறி இறங்கிவிடும் என்பதால், அது கரையோர ஊராக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.